கேமுக்குப் போடும் பூட்டு யாரைப் பாதிக்கிறது?

திருட்டுப் பிரதியைத் தடுக்க கேமுக்குள் போடும் மென்பொருள் பூட்டு, காசு கொடுத்து கேம் வாங்குபவரைப் பாதிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். பாதிக்கும், பெரும்பாலும் அவரைத்தான். பூட்டை உடைத்தெடுத்த பிரதியில் அந்தத் தொல்லையே இருக்காது.

2010இல் கணினிக்கு வந்த 'அசாசின்ஸ் க்ரீட் 2' தனியாளாக விளையாடும் கேம். ஆனாலும் அப்போது இணையம் அறுந்தால் ஆட்டம் நின்றுவிட்டது. அந்த மார்ச்சில் அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் கம்பனியின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, காசு கொடுத்த பலரால் உள்ளே போகவே முடியவில்லை. 2008இல் வந்த 'ஸ்போர்' கேமை முதலில் மூன்று கணினிகளில்தான் போட முடிந்தது. வாங்கியவர்கள் சத்தம் போட்ட பிறகு ஐந்தாக்கினார்கள்.

திருகோணமலையில் மார்கழி மழைக்கு இணைய லைன் போவது புதினமில்லை. உப்புவெளிப் பக்கம் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் பலர் விளையாடுகிறோம். சிக்னல் ஒரு கோடு குறைந்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். உடைத்த பிரதியை பென் டிரைவில் ஓசியாக வாங்கிய பக்கத்து வீட்டுத் தம்பி நிம்மதியாக விளையாடுவான்.

சரி, கம்பனிக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. புதுக் கேம் சூடாக விற்கும் முதல் சில வாரங்களுக்குப் பூட்டு தாங்கினால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அப்புறம் கழற்றலாமே? சிலர் கழற்றுகிறார்கள். சிலர் போடுவதே இல்லை. 2015இல் 'விட்சர் 3' கேம், கேம் விற்கும் ஜிஓஜி தளத்தில் பூட்டே இல்லாமல் வந்தது. வாங்குமுன் இணையம் இல்லாமல் ஓடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.