இங்கிலாந்து உதைபந்தாட்டக் கிளப்பான செல்சி ஒரு வீரருக்கு 106.8 மில்லியன் பவுண் கொட்டியும் நட்டம் ஏன் அவ்வளவு வரவில்லை?

அந்தக் காசு ஒரே வருடத்தில் செலவாக விழாது. ஒப்பந்தக் காலம் முழுக்கப் பங்குபோட்டு எழுதுவார்கள். நீங்கள் கேட்ட அந்த வீரர் என்சோ பெர்னாண்டஸை 2023 ஜனவரியில் செல்சி 106.8 மில்லியன் பவுணுக்கு, எட்டரை வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. ஆகவே வருடச் செலவு சுமார் 12.6 மில்லியன்தான்.

நீங்கள் அக்கரைப்பற்று ஊர் என்று சொன்னபடியால் வயலை வைத்தே சொல்கிறேன். மட்டக்களப்பில் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கு எழுதுகிறேன். உழவு மெஷின் வாங்கிய மாதம் லாச்சியில் சில்லறைதான் மிச்சம். பேரேட்டிலோ அந்த வருடம் ஏறியது விலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும்; பெறுமானத் தேய்வு என்று அதை எழுதுவோம்.

வீரரை விற்பது இதற்கு நேர்மாறு. விற்ற விலையில், இன்னும் செலவாக எழுதாமல் ஏட்டில் மிஞ்சிய பெறுமதியைக் கழித்தால் மீதி முழுவதும் அந்த வருடத்து இலாபம். கிளப்பே வளர்த்த பிள்ளைக்கு வாங்கிய விலை இல்லாததால் ஏட்டில் பெறுமதி பூச்சியம். 2023இல் செல்சி, தான் வளர்த்த மேசன் மவுண்டை மான்செஸ்டர் யுனைட்டட் கிளப்புக்கு விற்றபோது வந்தது கிட்டத்தட்ட அப்படியே இலாபம். எனக்கு மனம் கொதிப்பது இங்கேதான். சொந்தப் பிள்ளையை விற்கச் சொல்லித் தூண்டுகிற கணக்கு இது.

இங்கிலாந்து கம்பனிப் பதிவகத் தளத்தில் கிளப்பின் ஆண்டறிக்கையை இலவசமாக இறக்கலாம். இலாப நட்டத்தோடு நிற்காமல் காசு உண்மையில் வந்ததையும் போனதையும் காட்டும் காசுப்பாய்ச்சல் கூற்றைத் திறந்து, வீரர்களுக்குக் கொடுத்த காசையும் உரிமையாளர் போட்ட காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று கவனம்: 2023இல் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கமும், அதே வருட டிசம்பரில் இங்கிலாந்தின் முதல்தர லீக்கான பிரீமியர் லீக்கும் தங்கள் நிதி விதிகளுக்கான கணக்கில் இந்தப் பங்குபோடலை 5 வருடத்துக்கு மட்டுப்படுத்திவிட்டன. புது ஒப்பந்தங்களுக்கு எட்டரையால் பிரித்தால் அந்தக் கணக்குப் பிழையாகிவிடும்.