மேலாளருடன் 'ஃபைட்' என்று எழுதலாமா?

வணக்கம். டீம் லீடருடன் நடந்த வாக்குவாதத்தை 'ஃபைட்' என்று மின்னஞ்சலில் எழுதியதும், கைகலப்பா என்று எச்.ஆர். கேட்டதாகச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. நம் 'சண்டை' வாய்ச்சண்டைக்கும் பொருந்தும், அடிதடிக்கும் பொருந்தும். 'ஃபைட்'டும் அப்படித்தான். வீட்டில் பேசும்போது சரி, அலுவலகக் கடிதத்தில் அடிதடி என்றே முதலில் படிப்பார்கள்.

நீங்கள் சொன்ன சூழலுக்கு 'டிஸ்அக்ரிமென்ட்' (கருத்து வேறுபாடு) போதும். குரல் உயர்ந்தது உண்மையென்றால் 'ஆர்கியுமென்ட்' என்று எழுதுங்கள், மறைக்க வேண்டாம். 'குவாரல்' வேண்டாம். அதில் சொந்தக் கோபத்தின் வாடை இருக்கிறது, அண்ணன் தம்பி மனத்தாங்கல் மாதிரி.

'டிஸ்ப்யூட்' போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். சம்பளம், எல்லை, சொத்து என்று ஒரு பொருளை வைத்து இரு தரப்பும் உரிமை கோரும்போது வரும் சொல் அது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்ததும் இதே சொல்தான். எச்.ஆர். அதைப் பார்த்தால் வழக்குக்குப் போகிறீர்களோ என்று நினைக்கக்கூடும்.

'கான்ஃப்ளிக்ட்' வேறு வகை. அதற்குச் சண்டையே தேவையில்லை, இரண்டு விஷயங்கள் ஒத்துப்போகாவிட்டால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு மீட்டிங் வந்தாலும் அதுதான். நாடுகளுக்கிடையே ஆயுத மோதலுக்கும் அதையே சொல்வார்கள்: 1982-ல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதியபோது முறைப்படி போர் அறிவிக்கப்படவில்லை, பிரிட்டனில் அதை 'கான்ஃப்ளிக்ட்' என்றும் குறிப்பிடுகிறார்கள்.

'வார்', 'பேட்டில்' குழப்பத்துக்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய மூன்றாம் கர்நாடகப் போர் முழுவதும் 'வார்'. அதற்குள் 1760-ல் வந்தவாசியில் நடந்தது 'பேட்டில்'.

இன்றைக்கே எச்.ஆருக்கு ஒரு வரி திருத்தி அனுப்பிவிடுங்கள்: பேச்சில் மட்டும்தான், யாரும் யாரையும் தொடவில்லை என்று.