60 இரவு தங்கியும் ஸ்டேட்டஸ் ஏறவில்லையே!

கேள்வி: நான் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பொறியாளர். வேலை நிமித்தம் வருடத்தில் 60 இரவுகளாவது ஹோட்டலில்தான் கழிகின்றன. நான்கு ஹோட்டல் குழுமங்களில் உறுப்பினராக இருந்தும், தங்கும் இரவுகளுக்கு ஏற்ப உயரும் ஸ்டேட்டஸில் எதிலும் முதல் படியைத் தாண்டவில்லை. என்னைப் போலவே அலையும் சக ஊழியர் பிளாட்டினம் என்ற மேல்படியை வாங்கிவிட்டார். நான் எங்கே கோட்டை விடுகிறேன்?

பதில்: உங்களிடம் இரவுகளுக்குக் குறைவே இல்லை. அவை நான்கு இடங்களில் சிதறிக் கிடப்பதுதான் சிக்கல்.

மாரியட் குழுமத்தின் உறுப்பினர் திட்டமான மாரியட் பான்வாயில் ஒரு வருடத்துக்கு 10 இரவு தங்கினால் சில்வர், 25க்கு கோல்டு, 50க்கு பிளாட்டினம். ஹயாட்டில் மூன்று படிகளுக்கு 10, 30, 60 இரவுகள். ஹாலிடே இன் ஹோட்டல்களை வைத்திருக்கும் ஐஎச்ஜி குழுமத்தில் சில்வருக்கு 10, கோல்டுக்கு 20, பிளாட்டினத்துக்கு 40. உங்கள் 60 இரவை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 15தான் வரும். எங்கே போனாலும் முதல் படியோடு சரி. அதே 60 ஒரே கணக்கில் சேர்ந்திருந்தால் மாரியட்டிலும் ஐஎச்ஜியிலும் பிளாட்டினம், ஹயாட்டில் உச்சப் படியான குளோபலிஸ்ட்.

அதனால் ஒரு குழுமத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எது என்பதை உங்கள் வேலை தீர்மானிக்கட்டும். கடந்த வருடம் போன ஊர்களை எழுதி, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பக்கத்தில் யாருடைய ஹோட்டல் இருக்கிறது என்று பாருங்கள். ஆடம்பர ஹோட்டலில் தங்கினால்தான் ஸ்டேட்டஸ் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மாரியட்டின் சாதாரண பிராண்டான ஃபேர்ஃபீல்டில் தூங்கிய ஓர் இரவும் அதன் ஆடம்பர பிராண்டான ரிட்ஸ் கார்ல்டனில் தூங்கிய ஓர் இரவும் மாரியட் கணக்கில் ஒன்றுதான். தொழிற்பேட்டை ஓரத்தில் இருக்கும் சாதாரண ஹோட்டல்களே உங்களை மேலே ஏற்றிவிடும்.

அடுத்தது முன்பதிவு. நிறையப் பேருக்கு இரவுகள் கைநழுவுவது இங்கேதான். எக்ஸ்பீடியா, புக்கிங் டாட் காம் மாதிரித் தளங்கள் வழியாகப் போட்ட அறைக்குப் பொதுவாகப் பாயின்ட்டும் வராது, இரவும் கணக்கில் ஏறாது. நிறுவனம் ஹோட்டலோடு பேசி வைத்திருக்கும் கார்ப்பரேட் கட்டணம் என்றால் பெரும்பாலும் ஏறும். உங்கள் அறையை எந்த வழியாகப் போடுகிறார்கள் என்று பயண ஏற்பாடு செய்பவரிடம் கேளுங்கள். உறுப்பினர் எண்ணையும் அவரிடமே கொடுத்து நிரந்தரமாகப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். செக்-இன் செய்யும்போது, “என் மெம்பர்ஷிப் நம்பர் இந்த புக்கிங்கில் இருக்கிறதா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். களைத்துப்போய் நள்ளிரவில் இறங்கினாலும் இதை விடக் கூடாது.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். உங்கள் இரவுக்காக நிறுவனம் கூடுதலாக ஒரு பைசா கொடுக்கக் கூடாது. அனுமதித்த வரம்புக்குள் இரண்டு ஹோட்டல் இருந்தால் உங்கள் குழுமத்தின் ஹோட்டலைக் கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சேர்ந்த பாயின்ட்டைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்பதற்கும் நிறுவன விதி இருக்கலாம், பார்த்துவிடுங்கள்.

சரி, எதுவரை ஏறுவது? உங்களுக்கு உண்மையிலேயே பயன்படும் சலுகை கிடைக்கும் படி வரைக்கும். பகலில் வேலை முடிந்து ராத்திரி விமானம் என்றால், அழுக்குச் சட்டையோடு பெட்டியை இழுத்துக்கொண்டு லாபியில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்கே தெரியும். மாரியட்டில் பிளாட்டினம் இருந்தால் பெரும்பாலான ஹோட்டல்களில் மாலை 4 மணி வரை அறை உங்களுடையது. குளித்து, உடை மாற்றி, கொஞ்சம் படுத்துவிட்டும் போகலாம். காலை உணவு பிராண்டுக்கு பிராண்டு மாறும், அதனால் அதை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். அதற்கு அடுத்த படியாக 75 இரவில் வரும் டைட்டானியத்துக்காக வீட்டில் இருக்க வேண்டிய நாட்களைச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வருடக் கடைசியில் இரண்டு மூன்று இரவு குறைகிறதா? மாரியட், ஹயாட் இரண்டிலும் பாயின்ட் கொடுத்துத் தங்கும் இரவும் கணக்கில் சேரும். குடும்பத்தோடு ஒரு வார இறுதியை அப்படிக் கழித்தால் குறையும் தீர்ந்துவிடும். அப்புறம், ஹோட்டல் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். விட்டுப்போன இரவைக் கேட்டு வாங்க அதுதான் ஆதாரம்.