இரண்டு ஊருக்கும் ஆகாத பையன்

டிஸ்டோபியன் நாவல்களில், அதாவது கெட்டுப்போன ஒரு வருங்கால உலகைக் காட்டும் நாவல்களில், ஊரோடு ஒட்டாமல் வளரும் பிள்ளைகளில் உங்களை அதிகம் பாதித்தது யார் என்பது கேள்வி. எனக்கு ஜான்தான். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) நாவலில் வருங்கால லண்டன்காரர்கள் 'காட்டான்' என்று கூப்பிடும் ஜான்.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குப்பியில் வளரும் கரு, கவலை மறக்கத் தரும் சோமா மாத்திரை, மனிதர்களை ஆல்ஃபா முதல் எப்சிலான் வரை பிரிக்கும் அடுக்கு என்று லண்டனிலேயே நின்றுவிடுவார்கள். கல்லூரியில் நானும் அப்படித்தான் படித்தேன். ஜானின் சின்ன வயது வரும் எட்டாம் அத்தியாயத்தை அவசரமாகப் புரட்டித் தள்ளினேன். சில வருடம் கழித்து மறுபடி எடுத்தபோது அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

லண்டன்காரியான லிண்டா, நியூ மெக்சிகோவில் வேலி போட்டு ஒதுக்கிய பழங்குடிப் பகுதிக்குச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் வழி தவறி, விழுந்து அடிபடுகிறாள். கூட வந்தவன் தேடிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறான். அவள் வயிற்றில் அவன் பிள்ளை, அதுதான் ஜான். 'அம்மா' என்பதே கெட்ட வார்த்தையான ஊருக்குக் கைக்குழந்தையோடு எப்படிப் போவது? மால்பைஸ் என்ற கிராமத்திலேயே தங்கிவிடுகிறாள்.

லண்டனில் துணி கிழிந்தால் தைக்கக் கூடாது, புதிதுதான் வாங்க வேண்டும். அதனால் லிண்டாவுக்கு ஒட்டுப் போடத் தெரியாது. ஜான் கந்தலோடு திரிகிறான், மற்ற பையன்கள் சிரிக்கிறார்கள். ரசாயனங்கள் எங்கிருந்து வருகின்றன என்று அம்மாவைக் கேட்டால், குப்பியிலிருந்து எடுப்போம், அவ்வளவுதான் தெரியும் என்கிறாள். ஊர்க் கிழவர்களிடமோ உலகம் உண்டான கதையே தயாராக இருக்கிறது. பிள்ளை யார் பேச்சை நம்புவான், சொல்லுங்கள்.

ஆண்கள் லிண்டாவிடம் வந்து போகிறார்கள். ஒருநாள் அவர்களுடைய மனைவிமார் வந்து அவளைச் சாட்டையால் அடிக்கிறார்கள். தடுக்கப் போன ஜானுக்கும் அடி விழுகிறது. ஏன் அடித்தார்கள் என்று அழுதுகொண்டே கேட்கிறான். அவளோ அவனையே அறைகிறாள், நீ பிறக்காவிட்டால் நான் தப்பித்துப் போயிருப்பேன் என்று. அறைந்த கையோடு அவனைக் கட்டிக்கொண்டு முத்தமாகக் கொடுக்கிறாள். லிண்டாவை வெறுக்கவிடாமல் ஹக்ஸ்லி இதை எழுதியிருக்கும் விதம் இருக்கிறதே, அதற்காகவே படிக்கலாம்.

பதினாறு வயதில், ஊர்ப் பையன்களைப் பெரியவர்களாக ஏற்கும் சடங்கு. வரிசையில் நின்ற ஜானை மட்டும் இழுத்து வெளியே தள்ளிக் கல்லெறிகிறார்கள். ராத்திரி மலை விளிம்பில் தனியாக உட்கார்ந்து, கை மணிக்கட்டுக் காயத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்பாவின் வேலை மாற்றத்தால் மூன்று பள்ளி மாறியவன் நான். கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுவேன். இதன் பக்கத்தில் அது ஒன்றுமில்லைதான். ஆனாலும் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் அம்மாவோடு லண்டன் போகிறான். அங்கேயும் அவன் வேடிக்கைப் பொருள்தான். எலி கடித்த ஒரு பழைய ஷேக்ஸ்பியர் தொகுதியிலிருந்து கற்ற பேச்சு யாருக்கும் புரிவதில்லை. (நியூ மெக்சிகோவின் புவெப்லோ பழங்குடி மக்களின் சடங்குகளை ஹக்ஸ்லி கொஞ்சம் கொடூரம் கூட்டியே காட்டியிருக்கிறார் என்பது என் குறை. எழுதும்போது அவர் நியூ மெக்சிகோவைப் பார்த்ததே இல்லை, படித்துத்தான் எழுதினார்.) லிண்டா ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறாள். சாவுக்குப் பழக்குவதற்கென்று அழைத்து வரப்பட்ட குழந்தைகள் கட்டிலைச் சுற்றி விளையாடுகிறார்கள். சோமா மயக்கத்தில் அவள் மகனைப் பார்த்து, மால்பைஸில் தன்னிடம் வந்துபோன போப்பே என்பவன் பெயரைச் சொல்கிறாள். கடைசியில் ஜான் தூக்கில் தொங்குவதைவிட எனக்கு இதுதான் தாங்கவில்லை.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மால்பைஸில் மிட்சிமா என்ற கிழவர் ஜானுக்கு மண் பானை வனையவும் வில் செய்யவும் கற்றுத் தருகிறார். அவன் முழுதாகச் சந்தோஷமாக இருப்பது அப்போதுதான். லண்டனை விட்டு ஓடி ஒரு பழைய கலங்கரை விளக்கத்தில் ஒளிந்திருக்கும்போது மறுபடி வில்லுக்கு மரம் செதுக்க உட்காருகிறான். செதுக்கிக்கொண்டே தன்னையறியாமல் பாடுகிறான். பாடுவது காதில் விழுந்ததும், அம்மா செத்த துக்கத்தை மறந்தேனே என்று தன்மேலேயே கோபப்படுகிறான். சில நாளில் நிருபர்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறார்கள்.