கொல்லைக் கக்கூசும் நகராட்சியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் நெசவாலை நகரங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 1950களிலும் அங்கே பல தொழிலாளர் வீடுகளில் குளியலறை இல்லை, கழிப்பறை கொல்லையில்தான் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். நான் குடிநீர்ப் பணிகளில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். லண்டனின் பாதாளச் சாக்கடை 1860களிலேயே கட்டப்பட்டுவிட்டது என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, அதன்பின் நூறாண்டுகள் ஏன் தேவைப்பட்டன? மேலும், தொற்றுநோய்கள் குறைந்ததற்கு 1948இல் தொடங்கிய, அரசின் இலவச மருத்துவ அமைப்பான தேசிய சுகாதாரச் சேவைதானே காரணம்? நீங்கள் அதை ஒரே வரியில் கடந்துவிட்டு நகராட்சியின் சுகாதார ஆய்வாளர்களைப் புகழ்வது சற்று மிகையாகப் பட்டது.

ராமநாதன்

அன்புள்ள ராமநாதன்,

தெருவுக்கு அடியில் ஓடிய சாக்கடை நகராட்சியின் சொத்து. அங்கிருந்து வீட்டுக் கொல்லைவரை உள்ள சில அடி நிலமும், கொல்லையில் இருந்த கக்கூசும் வீட்டுச் சொந்தக்காரருடையவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பணிகள் அந்த எல்லைக்கு வந்ததும் வேகம் இழந்தன. எஞ்சிய சில அடிகளில் பொறியியல் சிக்கல் என்று எதுவும் இருக்கவில்லை. யார் பணம் கொடுப்பது என்ற கேள்விதான் இருந்தது.

வடமேற்கு இங்கிலாந்தின் நெசவாலைப் பகுதியான லங்காஷயரைப் பாருங்கள். ராச்டேல் நகராட்சி 1860களின் இறுதியில், மாதக்கணக்கில் தேங்கி மண்ணில் கசிந்துகொண்டிருந்த மலக்குழிகளுக்குப் பதிலாக எடுப்புக் கக்கூஸ்களைக் கொண்டுவந்தது. வாளிகளை வாரம் ஒருமுறை வண்டியில் எடுத்துச் சென்று உரமாக்கினார்கள். அன்று அது முன்னேற்றம் என்றே பாராட்டப்பட்டது. மான்செஸ்டர் போன்ற ஊர்கள் அதைப் பின்பற்றின, அம்முறைக்கு ராச்டேலின் பெயரே நிலைத்தது. ஒரு காலத்தின் சீர்திருத்தம் அடுத்த தலைமுறைக்குத் தடையாக நிற்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் அறியேன். வண்டியும் வாளியும் ஆளும் இருக்கும்போது, எல்லாவற்றையும் கலைத்துவிட்டுக் குழாய் பதிக்க எந்த நகரசபையும் அவசரப்படவில்லை.

பர்ன்லி முதலிய ஊர்களில் இன்னொரு வகை இருந்தது. அதை டிப்ளர் கக்கூஸ் என்பார்கள். பொறியாளரான நீங்கள் இதை ரசிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவிய நீர், கொல்லையில் நிலத்துக்கு அடியில் அச்சில் தொங்கும் ஒரு சுட்டமண் கலத்தில் போய் விழும். கலம் நிறைந்ததும் எடை ஒரு பக்கம் சாய, அது தானாகவே கவிழ்ந்து, நீர் முழுவதையும் ஒரே வீச்சில் கக்கூஸின் அடிப்பகுதிக்குள் கொட்டிவிட்டு நிமிர்ந்துகொள்ளும். சங்கிலி இழுக்க வேண்டியதில்லை. நல்ல தண்ணீர் ஒரு சொட்டும் வீணாவதில்லை. ஆனால் அது எப்போது கவிழும் என்பது உள்ளே அமர்ந்திருப்பவருக்குத் தெரியாது. ஆழத்திலிருந்து திடீரென்று எழும் அந்த இரைச்சல் குழந்தைகளை நடுங்க வைத்தது. நீண்ட செங்குத்துக் குழாயின் உட்புறத்தை ஒழுங்காகக் கழுவவும் வழியில்லை. இத்தகைய கழிப்பறைகள் 1950களைத் தாண்டியும் புழக்கத்தில் இருந்தன.

இதையெல்லாம் மாற்றுவதில் வீட்டுக்காரர்களுக்கு என்ன ஆர்வம் இருந்திருக்கும்? முதல் உலகப் போரின்போது, 1915இல் வந்த வாடகைக் கட்டுப்பாடு பல வடிவங்களில் நீடித்தது. குறைந்த வாடகை வரும் வீட்டில் புதுக் கழிப்பறை கட்டினால் போட்ட பணம் திரும்பாது. இடிக்கப்படவிருந்த குடியிருப்புகளின் நிலை இன்னும் மோசம். சேரி அகற்றும் திட்டம் 1939இல் போரால் நின்று, 1950களின் நடுவில்தான் மறுபடி வேகம் பிடித்தது. நாளை இடிபடப் போகும் வீடு என்று சொல்லியே பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக எதுவும் செய்யாமல் விட்டார்கள். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் குளியல் தொட்டியும் கழிப்பறையும் வீட்டில் உண்டா என்று முதன்முறையாகக் கேட்டார்கள்; குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிலையான குளியல் தொட்டி இல்லை. கொல்லைச் சுவரில் தொங்கும் தகரத் தொட்டியை இறக்கி, அடுப்பின் முன் வைத்து, ஒருவர் பின் ஒருவராகக் குளித்தார்கள். குளியல் தொட்டி, வெந்நீர், கழிப்பறை உள்ளிட்ட ஐந்து அடிப்படை வசதிகளுக்கு, ஓர் உச்சவரம்புக்குள் பாதிச் செலவை மானியமாகப் பெறும் உரிமையைச் சட்டம் அளித்தது 1959இல்.

இதற்கிடையே வீடு வீடாக ஏறி இறங்கி, குறைகளைச் சரிசெய்யும்படி வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு அறிவிக்கை கொடுத்தவர்கள் சுகாதார ஆய்வாளர்கள். அவர்களுக்குத் தலைவர் நகரின் மருத்துவ அலுவலர். அவர் ஆண்டுதோறும் நகரசபைக்கு அளித்த அறிக்கையில் பிறப்பு, இறப்பு, குடிநீர்ச் சோதனை, இறைச்சிக் கடைகளில் கெட்டுப்போனதென்று ஒதுக்கிய மாமிசத்தின் எடை, அந்த ஆண்டு தண்ணீர்க் கக்கூஸாக மாற்றப்பட்ட வாளிக் கக்கூஸ்களின் எண்ணிக்கை ஆகிய எல்லாம் இருக்கும். நான் பல மாலைகளை இந்த வறண்ட பக்கங்களோடு கழித்திருக்கிறேன். அவற்றைப் படித்தபின் புகழாமல் இருப்பது எனக்குக் கடினம்.

உங்கள் இரண்டாவது கேள்வியில் பாதி நியாயம் உண்டு. காசநோயைப் பொறுத்தவரை, புது மருந்துகளைக் காசில்லாமல் எல்லோருக்கும் கொண்டுசேர்த்ததில் தேசிய சுகாதாரச் சேவையின் பங்கு பெரிது. ஆனால் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயைப் பாருங்கள். பிரிட்டனில் 1940இல் 61,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டு, 3,283 பேர் இறந்தார்கள்; 1957இல் நோயுற்றவர் 38, இறந்தவர் 6. இந்த வீழ்ச்சிக்குக் காரணமான தடுப்பூசி இயக்கம் போர்க்காலத்திலேயே, சேவை பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. 1948இல் மருத்துவமனைகள் உள்ளாட்சிகளின் கையை விட்டுப் போயின. தடுப்பூசியும் தாய்சேய் நலமும் மருத்துவ அலுவலரிடமே இருந்தன. நீங்கள் சொல்வதுபோல் ஒரு பக்கம் மத்தியச் சேவை, மறுபக்கம் நகராட்சி என்று கோடு கிழிப்பது அக்காலத்துக்குப் பொருந்தாது.

என் புகழ்ச்சி மிகை என்று எழுதியிருந்தீர்கள். லண்டனை ஒட்டிய க்ராய்டனில் 1937ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அடிங்டன் என்னும் இடத்தில் நகரின் குடிநீர்க் கிணறு ஒன்றில் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. வேலையாட்கள் உள்ளே இருந்த நாட்களிலும், வடிகட்டலும் குளோரின் கலப்பதும் இல்லாமலே அந்த நீர் ஊருக்குப் போனது. அவர்களில் ஒருவர் முன்பு டைபாய்டு கண்டு பிழைத்தவர். உடலில் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. நூற்றுக்கணக்கானோர் நோயுற்று, 43 பேர் இறந்தார்கள். மக்கள் வற்புறுத்திய பின் நடந்த பொது விசாரணையில், கிணற்றில் வேலை நடப்பது நகரின் மருத்துவ அலுவலருக்குத் தெரிவிக்கப்படவேயில்லை என்பது வெளிவந்தது. ஒரே நகராட்சியின் இரண்டு துறைகள். கிணற்றில் வேலை நடப்பதை அறிந்திருந்தவர்கள், மன்னியுங்கள், உங்கள் துறைக்காரர்கள்.