நாணயச்சாலை ஊழியர் பிழை நாணயங்களைத் திருடினால் சேகரிப்பாளருக்கு என்ன இழப்பு?

அச்சிடும்போது எழுத்து விடுபட்டோ, முத்திரை விலகியோ, தவறான உலோகத்தில் பதிந்தோ போன காசே பிழை நாணயம். சோதனையில் பிடிபடுபவை உருக்கப்படுகின்றன. கண்ணுக்குத் தப்பி வெளியே வரும் சிலவற்றுக்கு அந்த அரிய தன்மையே விலையைத் தருகிறது.

அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில், திருட்டைத் தடுக்க வேண்டிய காவலர் ஒருவரே, விளிம்பு எழுத்துகள் இல்லாத அமெரிக்க அதிபர்கள் வரிசை ஒரு டாலர் நாணயங்களைத் திருடி விற்று, 2011இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; அவற்றின் மதிப்பு சுமார் 24 லட்சம் டாலர். இதனால் சேகரிப்பாளருக்கு வரும் இழப்பை அச்சுத்தாளை வைத்துப் பார்க்கலாம்: அச்சகத்திலிருந்து தவறி வந்த, பிழையாக அச்சான ஒரு தாள் அரிது. அதையே ஊழியர் பின்வாசல் வழியாகக் கட்டுக்கட்டாகக் கடத்தினால், முன்பு வாங்கியவரின் தாள் விலை இழக்கிறது. நாணயத்திலும் அதுவே நிகழ்கிறது. அதைவிடப் பெரிய சேதம் ஐயம்தான்: நேர்மையாக வாங்கியவரும் தம் காசு வந்த வழியை விளக்க நேரிடுகிறது, திருட்டுப் பொருள் என்று மெய்ப்பிக்கப்பட்டால் அதை இழக்கவும் நேரலாம்.

பிழை நாணயம் எல்லாமே திருட்டுப் பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் வழக்கமான புழக்கத்தின் வழியே வெளிவந்த பிழை நாணயத்தை அமெரிக்காவில் வைத்திருப்பது குற்றமன்று.