வெயிலுக்குத் தெரியாம தண்ணிய ஒளிச்சு வைக்கிற ஊர்

கேள்வி: ஆப்பிரிக்காவுல இருக்கற நமீபியாவுல சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ணி குடிக்கிறாங்கன்னு என் பையன் சொல்றான், நிஜமாங்க? கேக்கவே ஒரு மாதிரி இருக்கு.

பதில்: நிஜம்தாங்க. தலைநகர் விண்ட்ஹூக்ல 1968லேருந்து நடக்குது, சுத்தம் பண்ணின கழிவுநீர நேரா குடிநீர்ல சேத்த முதல் ஊர் உலகத்துலயே அதுதான். மத்த ஊர்ல ஆத்துலயோ ஏரியிலயோ விட்டுட்டு அப்புறமா எடுப்பாங்க, இவங்களுக்கு விடுறதுக்கு ஆறே இல்லையே, வருஷம் பூரா ஓடுற ஆறெல்லாம் நாட்டோட எல்லையிலதான், ஒக்கவாங்கோ ஆறு கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் தள்ளி. உங்களுக்கு அருவருப்பா இருக்கறது நியாயம்தான், ஆனா அவங்க எவ்ளோ கவனமா செய்றாங்கன்னு பாருங்க, தொழிற்சாலைக் கழிவ வீட்டுக் கழிவோட கலக்கவே விடாம தனிக் குழாய்ல கொண்டு போயிடுறாங்க. அப்புறம் ஓசோன், ஆக்டிவேட்டட் கார்பன்ங்கற அழுக்க உறிஞ்சுற கரி, மெம்ப்ரேன்ங்கற நுண்ணிய வடிகட்டி, குளோரின்னு பல கட்டம் தாண்டி, அணைத் தண்ணியோட கலந்துதான் வீட்டுக்கு வருது. 2002ல வந்த புது பிளாண்ட்டால ஒரு நாளைக்கு 2.1 கோடி லிட்டர் சுத்தம் பண்ண முடியும்.

கேள்வி: பெய்ற மழைய அணை கட்டி தேக்கிக்க வேண்டியதுதானே?

பதில்: மூணு அணை கட்டியிருக்காங்க, ஆனா அங்க மழைய விட பெரிய பிரச்சனை வெயில்தான், பெய்றதுல முக்கால்வாசிக்கும் மேல ஆவியாவே போயிடுது. தாம்பாளத்துல ஊத்தின தண்ணி சீக்கிரம் வத்திடும், அதே தண்ணி குடத்துல இருந்தா நிக்கும் இல்லையா, அந்தக் கணக்குதான். ஓமடாகோ அணை தாம்பாளம் மாதிரி ஆழமில்லாம பரந்து கிடக்கு, அதனால அங்க தண்ணி வந்ததும் வெயில் குடிக்கறதுக்குள்ள பம்ப் பண்ணி ஆழமான ஃபான் பாக் அணைக்கு மாத்திடுறாங்க. தண்ணி மிச்சம் இருக்கற காலத்துல அத குடிநீர் தரத்துக்கு சுத்தம் பண்ணி, போர் வழியா ஊருக்கு அடியில இருக்கற பாறை இடுக்குல இறக்கி வச்சுடுறாங்க, அங்க வெயில் எட்டாதே! எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது.

கேள்வி: வீட்டளவுல என்ன செய்யலாம்?

பதில்: செடிக்கு வெயில் இறங்கினதும் ஊத்துங்க, வேர சுத்தி காஞ்ச சருகு போட்டு மூடுங்க. அப்புறம் டாய்லெட்ல தண்ணி ஒழுகுதான்னு பாக்க, ஃப்ளஷ் டேங்க்ல கொஞ்சம் கலர் கலந்து விட்டுட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாம பாருங்க. எங்க வீட்டுல நீலக் கலர் போட்டேன், பத்தே நிமிஷத்துல கீழ நீலமா வழிஞ்சு நிக்குது, சத்தமே இல்லாம எத்தனை மாசமா போய்ட்டு இருந்துச்சோன்னு நினைச்சா வயிறு எரிஞ்சுது. உள்ள ரப்பர் வாஷர் தேஞ்சு போயிருந்துச்சு, மாத்தினதும் நின்னுடுச்சு.